மூக்கி சொன்னால் சரி

இதில் வரும் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஒரு புள்ளி கூட்டவில்லை, ஒரு கொம்பு குறைக்கவில்லை. அதிலும் மூக்கியின் மூக்கைப் பற்றிச் சொல்லப்போவது அத்தனையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னது. நம்பிக்கை இல்லாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக் குறுக்கெழுத்துக்குப் போய்விடலாம்.

போன வாரம் விட்ட இடம் இதுதான். டாக்கோக் கடையின் ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறது. அண்ணியின் அப்பா ஆஸ்பத்திரியில் குழாயும் ஊசியுமாகப் படுத்திருக்கிறார். மத்தியானம் மருமகன் கடையில், சோள ரொட்டியில் மடித்த பன்றிக்கறி டாக்கோ சாப்பிட்டவர், பொழுது சாய்வதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். "கெட்டுப்போன கறி" என்றார் டாக்டர். "கெட்ட கறி என்னைத் தாண்டிச் சட்டிக்குப் போகாது" என்றான் மருமகன்.

அண்ணி என்பவள் கடையின் கல்லாவில் உட்காருகிறவள். நாத்தனார் ஒருத்தி "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் தெருவே அப்படிக் கூப்பிடப் பழகிவிட்டது. ஒருமுறை, பெற்ற அப்பாவே வாய் தவறி, "அண்ணி, தண்ணி" என்று கேட்டிருக்கிறார்.

அந்த அப்பாவுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போனதும் அவள்தான். சமையலறை வாசலில் ஒரு வாடை தட்டியது. ஒரு நொடிதான். நின்றாள்.

"என்னங்க, கறி ஒரு மாதிரி வாடை அடிக்குதே?"

"நல்லாதான் இருக்கு. கொண்டு போ."

கொண்டு போனாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தன் மூக்கு என்ன பெரிய மூக்கு என்று நினைத்தாள்.

இந்த ஒரு நொடியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி கேட்கும்போதெல்லாம், "கறி நல்லாதான்டா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

தன் மூக்கை மட்டமாக நினைத்ததற்கு அவளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அவள் வாழ்க்கைப்பட்டது அப்படிப்பட்ட குடும்பம்.

புருஷனுக்கு ஊரில் பட்டப்பெயர் நாக்கு. கொதிக்கும் சட்டியில் ஒரு சொட்டைத் தொட்டு வைத்தால் போதும், உப்பு குறைகிறதா என்பதோடு, உப்பை அளந்த கரண்டி எந்தக் கடையில் வாங்கியது என்றும் சொல்லிவிடுவான். அவன் கிண்டும் சால்சா என்ற மிளகாய்ச் சட்னி கீழே சிந்திய இடத்தில் தரை ஓடு விண்டு போயிருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம். வழுக்கைத் தலையர் ஒருவர் தொடர்ந்து சாப்பிட்டு வந்ததில் அவருக்கு முடி முளைத்தது. காரம் தாங்காமல் சுருள் சுருளாக முளைத்தது என்பதுதான் ஒரே குறை.

தங்கை மூக்கியோ அவனுக்கு ஒரு படி மேல். பெரிய ஓட்டல் ஒன்றில் ஒயின் தேர்ந்தெடுக்கும் வேலை. மழை வருமா என்று வானிலைக்காரர்கள் இவளுக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். போனில் பேசியபடியே, "சார், முதல்ல குளிச்சிட்டு வாங்க" என்று வைத்துவிடுவாள். ஒருதரம் கார்க் கழற்றாத பாட்டிலை முகர்ந்து, "இந்தத் திராட்சையை மிதிச்சவனுக்குக் கால்ல சேத்துப்புண்" என்றாள். கம்பெனிக்காரன் விசாரித்து, மருந்து வாங்கிக் கொடுத்ததாகப் பதில் எழுதினான்.

ஆகையால் மூக்கி சொன்னால் சரி. குடும்பத்தில் எந்த வழக்கும் அத்தோடு முடிந்தது.

போன மழைக்காலத்தில் ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்ததே, அதில் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் படுத்துக் கிடந்தார்கள். எழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் சால்சா ஒரு மாதிரியானது. மூடியைத் திறந்தாலே சமையலறைச் சுவரில் இருந்த கேஸ் அபாயமணி அலறியது. நாக்கு ஏணி போட்டு ஏறி அதன் பேட்டரியைக் கழற்றினானே தவிர, மிளகாயைக் குறைக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை.

அண்ணிக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும். அவனுக்கு வாசனை தெரிகிறதா, இல்லையா? தெரிகிறதென்றால் கறி நல்ல கறி, குற்றம் வேறெங்கோ. தெரியவில்லை என்றால், அந்தத் தட்டைக் கொண்டு போய் அப்பா முன்னால் வைத்த கை அவளுடையது.

நேரே கேட்டால் கத்துவான். அதனால் மூக்கிக்குப் போன் போட்டாள்.

*

காலையில் மூக்கி துணிப்பையில் பாட்டில்கள் உரச வந்திறங்கினாள். ஷட்டருக்கடியில் குனிந்து வந்ததும், "உங்க அப்பா எப்படி இருக்காரு அண்ணி?" என்றாள்.

"மூச்சு ஓடுது."

"அண்ணன்?"

"உள்ள. கடையே மூடிக் கிடக்குது, காலையிலேருந்து சால்சா கிண்டிட்டு இருக்காரு. யாருக்குன்னு கேட்டா பதில் இல்ல."

மூக்கி பையை மேசையில் வைத்தாள். அண்ணி குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க ஓட்டல்ல டாக்கோவோட சிவப்பு ஒயின் வைக்கப் போறாங்க, எது பொருந்தும்னு அண்ணன் ருசி பார்த்துச் சொல்லணும்னு நீ சொல்லு. பாட்டிலுக்குப் பேப்பர் சுத்திடுவோம். அவர் சொல்றதை வெச்சு எனக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன தெரியணும்?"

"அவருக்கு வாசனை இருக்கான்னு."

மூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டு, "சரி" என்றாள்.

காரத்துக்கு எந்தச் சிவப்பு ஒயின் ஆகும், எது ஆகாது என்று இந்தக் கடைக்கே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். லேசான சிவப்பாக இருக்க வேண்டும். பழவாசம் தூக்கலாக, கொஞ்சம் குளிரவைத்ததாக. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பும், நெஞ்சில் இறங்கும் சாராயமும் உள்ள கட்டை ஒயின் கூடவே கூடாது. "வாய் எரியுது. அணைக்கத் தண்ணி ஊத்துவீங்களா, பெட்ரோல் ஊத்துவீங்களா?" என்று கேட்டு, கரும்பலகையில் அவள் கையாலேயே எழுதி மாட்டியிருந்தாள். இன்னும் அழியவில்லை.

மூன்று பாட்டில். ஒன்று லேசானது, ஐஸில் வைத்தது. ஒன்று கட்டை. மூன்றாவதை அண்ணி கிடங்கிலிருந்து எடுத்து வந்தாள். கார்க் கெட்டுப்போனது என்று காய்ச்சலுக்கு முன்னால் மூக்கி ஒதுக்கிவைத்த பாட்டில். அப்போது தெருமுனையில் வரும்போதே, "யாரு ஈரச் சாக்கை உள்ள வெச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தாள். அதை அண்ணி இப்போது பேப்பரில் சுற்றி வைத்தாள். மூக்கியிடம் கூடச் சொல்லவில்லை. மூக்கிக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

நாக்கு வந்தான். ஒரு சுற்று இளைத்திருந்தான். கையில் டாக்கோத் தட்டு. மேலே சால்சா, நெருப்புத் துண்டு மாதிரி.

"ஓட்டல்காரங்களுக்கு இப்பத்தான் என் நினைப்பு வந்துச்சா? மாமனாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவன்னு தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது, சொல்லல" என்றாள் மூக்கி. "நீ குடிச்சிட்டுச் சொல்லு."

முதல் கிளாஸ், லேசானது. ஒரு கடி, ஒரு வாய். "தண்ணி. கலர் போட்ட தண்ணி."

இரண்டாவது, கெட்டுப்போன கார்க். ஊற்றும்போதே அண்ணிக்கு மழையில் நனைந்த சாக்கு முகத்தில் விழுந்தது போல இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் வாயில் வைத்துச் சுழற்றி விழுங்கினான்.

"இது பரவாயில்ல. நல்ல பழ வாசனை."

அண்ணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது, கட்டை. சால்சாவோடு ஒரு கடி கடித்து, வாய் நிறைய ஊற்றிக்கொண்டான். முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தவித்துக் கிடந்தவன் தண்ணீர் குடித்தது போல, அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"இதுதான்! இதுக்கு மேல ஒண்ணு கிடையாது."

அண்ணியும் ஒரு கடி கடித்து, ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அடுத்த நொடி காது வழியாகப் புகை வந்தது. உவமை இல்லை, கல்லாவுக்கு மேலிருந்த பல்லி இருமியது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

"உனக்கு அதெல்லாம் புரியாது" என்றான் நாக்கு.

அவள் மூக்கியைப் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவள் அவள்தானே.

மூக்கி இரண்டாவது கிளாஸை எடுத்து, கண்ணை மூடி, மூக்கை நனையும் அளவுக்கு உள்ளே விட்டாள். நீளமாக ஒரு "ம்ம்ம்." பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, கிளாஸை விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தாள்.

"முதல்ல நீங்க சொல்லுங்க அண்ணி. என்ன வாசனை?"

"நான் என்னத்தைச் சொல்ல? ஏதோ... ஈரச் சாக்கு மாதிரி."

"அதேதான்! ஈரச் சாக்கு. கார்க் கெட்டது. பாரேன், கல்லாவுல உட்கார்ந்தே அண்ணி மூக்கும் தேறிடுச்சு!" என்று சிரித்தாள்.

அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

உள்ளே சமையலறையில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. "சால்சா பொங்குது" என்று நாக்கு எழுந்தான்.

"உட்காருண்ணா" என்றாள் மூக்கி. குரலில் சிரிப்பு இல்லை. "அந்தக் கட்டை ஒயினை இந்தக் காரத்தோட எவனாவது குடிப்பானா? பலகையைப் பாரு. நீயே பத்து பேருக்கு எடுத்துச் சொன்னவன். சாக்கு நாத்தத்தைப் பழ வாசனைங்கிறே. உனக்கு ஒண்ணும் தெரியல. இல்ல?"

அவன் பலகையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"வாசனை போனவனுக்குக் காரமும் துவர்ப்பும்தான் மிச்சம். காரம்கிறது எரிச்சல். துவர்ப்புங்கிறது நாக்கு வறள்றது. ரெண்டுமே ருசி இல்ல, தொட்டுப் பார்க்கிற மாதிரி. மத்தது எல்லாமே பஞ்சைத் திங்கிற மாதிரிதான் இருக்கும். கிடைக்கிறதைப் பிடிச்சிக்கிட்டுத் தொங்க வேண்டியதுதான்." மூக்கி கிளாஸை மேசையில் வைத்தாள். "இது எனக்குத் தெரியாதா?"

எவ்வளவு படித்திருக்கிறாள் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

நாக்கு தட்டை நகர்த்தி வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டான். தண்டனைக்கு நிற்கும் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல இருந்தான்.

"காய்ச்சல்லேருந்து ஒண்ணுமே தெரியல. சோள ரொட்டியும் அட்டையும் ஒண்ணுதான். ஒருநாள் மிளகாய் அதிகமா விழுந்துச்சு, எரிஞ்சுது. அழுதுட்டேன். எரியுதேன்னு அழல, ஏதோ ஒண்ணு தெரியுதேன்னு அழுதேன். அப்புறம் கூடக் கூடப் போட்டேன்."

"அப்ப அன்னைக்குக் கறி?" என்றாள் அண்ணி.

அவன் மேசையில் சிந்தியிருந்த சால்சாவைக் கையால் துடைத்தான்.

"நான் கேட்டேன். வாடை அடிக்குதுன்னு சொன்னேன். நல்லாதான் இருக்குன்னீங்க."

"தெரியலன்னு சொல்ல வாய் வரல."

"வாய் வரலையா?" அவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நாக்குன்னு பேரு வெச்சுக்கிட்டு ஒரு வார்த்தை வரலையா? என் கையால கொண்டு போய் வெச்சேன். இன்னும் ரெண்டு இருந்தாக் கொடும்மான்னு கேட்டாரு, அதையும் நானே வெச்சேன்!"

"அடிச்சிடு" என்றான் அவன். "நீ அடிச்சிட்டா எனக்கு நல்லா இருக்கும்."

"உங்களுக்கு நல்லா இருக்கிறதுக்கு நான் எதுக்கு அடிக்கணும்?"

கல்லாவில் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, எங்க இருக்கே?"

"கடையில. சொல்லு."

"கிளம்பி வா. எல்லாரையும் வரச் சொல்றாங்க." குரல் உடைந்தது. "அக்கா, கறி நல்லாதானே இருந்துச்சு? டாக்டர் திரும்பவும் கேக்கிறாரு."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். சாக்கு பாட்டிலைப் பார்த்தாள்.

"நேர்ல வந்து சொல்றேன்டா" என்றாள். இதுவரை அப்படி ஒரு பதிலை அவள் சொன்னதில்லை.

நாக்கும் எழுந்தான். "நானும் வர்றேன்."

"வேண்டாம். அங்க உங்க முகத்தைப் பார்த்தா தம்பி கை நீட்டிடுவான். நான் கூப்பிடுறப்ப வாங்க." இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவினாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. இனிமே நீங்க அந்த அடுப்புப் பக்கம் போகக் கூடாது. கடையே வேண்டாம்."

"அண்ணி." மூக்கி அவள் கையைப் பிடித்தாள். பிடி அழுத்தமாக இருந்தது. "கடையை விட்டா அண்ணன் செத்துடும். நான் இருக்கேன். ஓட்டல்ல லீவு போட்டுட்டு இங்கயே நிக்கிறேன். அண்ணன் கிண்டட்டும், நான் முகர்ந்து பார்க்கிறேன். இனிமே ஒரு துண்டுக் கறி என் மூக்கைத் தாண்டாம சட்டிக்குப் போகாது."

"லீவு கொடுப்பாங்களா உனக்கு?"

"கொடுத்துட்டாங்க" என்று மூக்கி தரையைப் பார்த்துச் சொன்னாள். "போன மாசமே."

வேறொரு நாளாக இருந்தால் அண்ணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நாலு கேள்வி கேட்டிருப்பாள். இன்று அவள் காதில் தம்பியின் குரல் மட்டும்தான் இருந்தது. இத்தனை நாளில் முதல்முறையாக நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. சமையலறைச் சாவியை மூக்கியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"உன்னை நம்பித்தான் போறேன்."

"போயிட்டு வாங்க. நான் உள்ள எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துடறேன்."

அண்ணனும் தங்கையும் சமையலறைக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். அண்ணி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசலில் ஆட்டோவை நிறுத்தி ஏறப் போனவள், ஷட்டரைப் பிடித்தபடி நின்றாள்.

உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. அழுகிய வெங்காயமும் முட்டையும் கலந்தது போல. ஒரு நொடிதான்.

"மூக்கி! உள்ள ஏதோ நாத்தம் அடிக்குதே?"

பாத்திரம் நகரும் சத்தம். பிறகு, ஆழமாக மூச்சை இழுக்கும் சத்தம் வாசல் வரை கேட்டது.

"ஒண்ணும் இல்ல அண்ணி, நல்லாதான் இருக்கு! நீங்க கிளம்புங்க. அண்ணா, ஒரு டீ போடேன், தலை வலிக்குது."

"கொஞ்சம் இரு, லைட்டரைக் காணோம்" என்றான் நாக்கு.

"வர்றீங்களா, இல்லையாம்மா?" என்றான் ஆட்டோக்காரன்.

மூக்கி சொன்னால் சரி. அண்ணி ஷட்டரை இழுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ தெருமுனை திரும்பியது.

சால்சா பொங்கி நெருப்பை அணைத்திருந்த மூன்றாவது அடுப்பின் குமிழ் அப்போதும் திறந்தே இருந்தது. மூக்கி அதன்மேல்தான் குனிந்து முகர்ந்துகொண்டிருந்தாள்.